குற்றால சீசனும் பைக் மைலேஜும்: எக்ஸெல்லில் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் கேம்ஸ் விளையாடுகிறார்கள், படம் பார்க்கிறார்கள். இரண்டாவது மாதத்தில் "இதை வைத்து வீட்டுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?" என்ற கேள்வி எழுகிறது. அதற்கு ஒரு நல்ல விடை இந்த மாதக் கட்டுரை. உங்கள் பைக் அல்லது ஸ்கூட்டர் ஒரு லிட்டர் பெட்ரோலில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, அது மாதத்திற்கு மாதம் ஏன் மாறுகிறது என்பதை எக்ஸெல் போன்ற ஒரு ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராம் மூலம் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

பாவூர்சத்திரத்தில் இருந்து தினமும் தென்காசிக்கு வேலைக்குச் செல்பவர்கள், மார்க்கெட்டுக்குக் காய்கறி மூட்டை ஏற்றி வருபவர்கள் எனப் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. "வெயில் காலத்தில் நன்றாகக் கொடுத்த வண்டி, ஆனி, ஆடியில் மைலேஜ் கொடுப்பதில்லை." சிலர் பெட்ரோலில் ஏதோ கலக்கிறார்கள் என்கிறார்கள். சிலர் மெக்கானிக்கிடம் போய் எஞ்சினைப் பிரிக்கச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் முன்னால் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. கணக்கு இல்லாமல் செய்யும் செலவு பெரும்பாலும் வீண் செலவாகவே முடிகிறது.

பருவத்திற்கு ஏற்ப பெட்ரோல் மாறுமா?

மாறும். பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல. பலவகை ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் எளிதில் ஆவியாகும் பகுதி அதிகமாக இருந்தால் கடுங்குளிரிலும் எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆகும். ஆனால் அதே பெட்ரோல் வெயிலில் அதிகமாக ஆவியாகிக் காற்றை மாசுபடுத்தும். பெட்ரோல் வரும் குழாயிலேயே ஆவி அடைத்துக்கொண்டு வண்டி நின்றுபோகவும் கூடும். இதனை வேப்பர் லாக் என்பார்கள்.

அமெரிக்காவில் இதற்காகவே கோடைப் பெட்ரோல், குளிர்காலப் பெட்ரோல் என இரண்டு உண்டு. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை அங்குள்ள பங்க்குகளில் ஆவியாகும் தன்மை குறைந்த பெட்ரோலைத்தான் விற்க வேண்டும். குளிர்காலத்தில் பியூட்டேன் என்ற எளிதில் ஆவியாகும் பொருளைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். பியூட்டேனில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் குறைவு. எனவே கோடைப் பெட்ரோலில் குளிர்காலப் பெட்ரோலைவிடச் சராசரியாகச் சுமார் 1.7 சதவீதம் ஆற்றல் அதிகம்.

ஆனால் அங்கு குளிர்காலத்தில் மைலேஜ் குறைவதற்கு இது சிறிய காரணம்தான். வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸில் இருந்து மைனஸ் 7 டிகிரிக்கு இறங்கும்போது, நகரத்திற்குள் குறைந்த தூரம் ஓடும் பெட்ரோல் காரின் மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறைகிறது. ஆயில் கெட்டியாவது, எஞ்சின் சூடாக நேரம் ஆவது, டயரில் காற்றழுத்தம் குறைவது ஆகியவை பெரிய காரணங்கள்.

நம் நாட்டிலும் எரிபொருளுக்குப் பருவம் பார்ப்பது உண்டு. பெட்ரோலுக்கான இந்தியத் தர நிர்ணயத்தில், வேப்பர் லாக் அளவுக்கு மே முதல் ஜூலை வரை ஒரு வரம்பும் மற்ற மாதங்களுக்கு வேறொரு வரம்பும் வைத்திருக்கிறார்கள். டீசலில் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும். லடாக் பகுதிக்கென இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை 2019 நவம்பரில் அறிமுகம் செய்தது. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் அது தயாரானது.

தென்காசி மாவட்டத்தில் மார்கழிப் பனி என்றாலும் உறைநிலைக்குப் பக்கத்தில் கூடப் போவதில்லை. எனவே அமெரிக்கக் குளிர்கால மைலேஜ் கதை நமக்குப் பொருந்தாது. நம் பெட்ரோலில் நடந்த பெரிய மாற்றம் வேறு. அதன் பெயர் எத்தனால்.

எத்தனால் என்ன செய்கிறது?

கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி போன்றவற்றில் இருந்து தயாரிக்கும் ஆல்கஹால்தான் எத்தனால். 2003 ஜனவரியில் தமிழ்நாடு உட்பட 9 மாநிலங்களில் பெட்ரோலில் 5 சதவீதம் எத்தனால் கலக்கும் திட்டம் தொடங்கியது. கரும்பு விளைச்சல் குறைந்து எத்தனால் போதாமல் போனதால் சில ஆண்டுகளிலேயே திட்டம் தடுமாறியது. பின்னர் மெல்ல வளர்ந்து, 2022 ஜூனில் நாடு முழுவதற்குமான சராசரி 10 சதவீதத்தை எட்டியது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனை 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் தொடங்கி வைக்கப்பட்டது. முதலில் 2030 என வைத்திருந்த 20 சதவீத இலக்கு 2025-லேயே எட்டப்பட்டது.

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை இ20 என்கிறார்கள். 10 சதவீதம் என்றால் இ10. (எக்ஸெல்லில் இ நெட்டு வரிசையில் 20-ஆவது செல்லுக்கும் இ20 என்றுதான் பெயர். குழம்ப வேண்டாம்!)

இப்போது கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் உள்ளது. ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21 மெகாஜூல்தான். 80 சதவீதம் பெட்ரோல், 20 சதவீதம் எத்தனால் எனக் கலந்தால் லிட்டருக்கு 29.8 மெகாஜூல் கிடைக்கும். எத்தனால் இல்லாத பெட்ரோலைவிட இது ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு. இ10 பெட்ரோலில் 30.9 மெகாஜூல். ஆக, இ10-இல் இருந்து இ20-க்கு மாறும்போது குறையும் ஆற்றல் சுமார் மூன்றரை சதவீதம்.

ஆற்றல் குறையும் அதே அளவுக்கு மைலேஜும் குறைய வேண்டும் என்பதில்லை. எத்தனாலின் ஆக்டேன் எண் அதிகம். அதற்கு ஏற்ப எஞ்சினை வடிவமைத்திருந்தால் இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம். 2021-இல் வெளியான நிதி ஆயோக் அறிக்கை, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து இ10-க்கு ஏற்ப அட்ஜஸ்ட் செய்த இரு சக்கர வண்டிகளில் இ20 பயன்படுத்தினால் 3 முதல் 4 சதவீதமும், அதே வகைக் கார்களில் 6 முதல் 7 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என மதிப்பிட்டது. இ10-க்கு வடிவமைத்து இ20-க்கு அட்ஜஸ்ட் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம்தான்.

இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பைக் மைலேஜ் 57-இல் இருந்து 55-க்கு இறங்கினால் எத்தனால் காரணமாக இருக்கலாம். 57-இல் இருந்து 45-க்கு இறங்கியிருந்தால் அது 20 சதவீதத்திற்கும் மேல் இழப்பு. எத்தனால் மட்டும் அதைச் செய்ய முடியாது. வண்டியில் வேறு கோளாறு தேட வேண்டும்.

ஆடிக்காற்றின் பங்கு

செங்கோட்டை, ஆரியங்காவு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள இடைவெளி வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று நம் பக்கம் புகுந்து வருகிறது. குற்றாலச் சாரலும் சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளும் அதன் தயவில்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாவூர்சத்திரத்தில் இருந்து மேற்கே தென்காசி நோக்கிப் போனால் காற்று முகத்தில் அடிக்கும். திரும்பும்போது முதுகில் தள்ளும்.

"போகும்போது இழந்தது வரும்போது கிடைத்துவிடுமே" என்று தோன்றும். அப்படி இல்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக (வர்க்கமாக) உயர்கிறது. நீங்கள் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்கிறீர்கள், எதிர்க்காற்று 20 கி.மீ. வேகம் என வைத்துக்கொள்வோம். வண்டி சந்திக்கும் காற்று 70 கி.மீ. வேகம். 70-ஐ 50-ஆல் வகுத்து, வரும் எண்ணை அதனாலேயே பெருக்கினால் 1.96. அதாவது எதிர்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. திரும்பும்போது 30 கி.மீ.; எதிர்ப்பு 0.36 மடங்கு. இரண்டின் சராசரி 1.16. போக வரக் காற்றை எதிர்த்து வண்டி செய்யும் வேலை, காற்றில்லாத நாளைவிட 16 சதவீதம் அதிகம்.

எரிபொருள் செலவில் காற்று ஒரு பங்குதான். டயர் உராய்வு, எஞ்சின் உராய்வு ஆகியவையும் உண்டு. எனவே மைலேஜ் 16 சதவீதம் குறையாது. ஆனாலும் எத்தனாலால் ஏற்படும் இழப்புக்குச் சமமான இழப்பை ஆடிக்காற்றே தந்துவிட முடியும். இதோடு ஈரச் சாலை, சீசன் கூட்டத்தில் ஐந்தருவிச் சாலையில் முதல் கியரில் ஊர்வது, பின்னால் இருவர் உட்கார்வது எல்லாம் சேர்கிறது.

இத்தனை காரணங்களில் உங்கள் வண்டிக்கு எது பொருந்தும்? இதற்குத்தான் கம்ப்யூட்டர்.

டேபிளைத் தயார் செய்வோம்

எக்ஸெல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராம் இலவசம். கூகுள் ஷீட்ஸும் இலவசம். மூன்றிலும் வேலை ஒன்றுதான்.

1. புதிய ஒர்க்ஷீட்டைத் திறந்து, முதல் படுக்கை வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ: தேதி. பி: மீட்டர் ரீடிங். சி: லிட்டர். டி: தொகை. இ: ஓடிய தூரம். எஃப்: மைலேஜ். ஜி: கிலோமீட்டருக்குச் செலவு. எச்: குறிப்பு.

2. பங்க்கில் டேங்க்கை முழுவதுமாக நிரப்பி, அந்த நாளின் தேதியையும் மீட்டர் ரீடிங்கையும் இரண்டாவது வரிசையில் இடுங்கள். லிட்டர், தொகை வேண்டாம். இது தொடக்கப் புள்ளி.

3. அடுத்த முறையும் டேங்க்கை முழுவதுமாக நிரப்ப வேண்டும். 200 ரூபாய்க்குப் போட்டால் இந்தக் கணக்கு வராது. இடையில் கொஞ்சம் போட்டிருந்தால் அந்த லிட்டரையும் தொகையையும் அடுத்த ஃபுல் டேங்க்கோடு கூட்டிக்கொள்ளுங்கள். விவரங்களை மூன்றாவது வரிசையில் இடுங்கள்.

4. இ3 செல்லில் கிளிக் செய்து = குறியைத் தட்டுங்கள். பி3 செல்லில் கிளிக் செய்து - குறியைத் தட்டி, பி2 செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். ஓடிய தூரம் வந்துவிடும்.

5. அதேபோல எஃப்3 செல்லில் = தட்டி, இ3-இல் கிளிக் செய்து, / குறி தட்டி, சி3-இல் கிளிக் செய்து என்டர். இது மைலேஜ். ஜி3 செல்லில் டி3-ஐ இ3-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஆகும் செலவு.

6. அடுத்தடுத்த வரிசைகளுக்கு பார்முலாவை மீண்டும் டைப் செய்ய வேண்டாம். இ3, எஃப்3, ஜி3 மூன்று செல்களையும் தேர்ந்தெடுத்தால் வலது கீழ் மூலையில் சிறிய சதுரம் தெரியும். அதை மௌஸால் பிடித்துக் கீழே இழுங்கள். தகவல் உள்ள வரிசை வரை மட்டும் இழுக்கவும். காலி வரிசைக்கும் இழுத்தால், பூஜ்யத்தால் வகுக்கிறீர்கள் என்று பிழைச் செய்தி காட்டும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது எனப் பயப்பட வேண்டாம்.

எளிதாகப் புரிய, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டு ஓர் உதாரணம்:

தொடக்கம்: மே 1, மீட்டர் 18,420.
மே 12: மீட்டர் 18,705; 5 லிட்டர்; தூரம் 285; மைலேஜ் 57.0; கி.மீ.க்கு ரூ.1.75.
மே 24: மீட்டர் 18,991, 5.1 லிட்டர், தூரம் 286, மைலேஜ் 56.1, கி.மீ.க்கு ரூ.1.78.
ஜூன் 6: மீட்டர் 19,262; 5 லிட்டர்; தூரம் 271; மைலேஜ் 54.2; கி.மீ.க்கு ரூ.1.85.

எச் நெட்டு வரிசையில் வெயில், காற்று, சாரல், மழை என ஒரே ஒரு சொல் எழுதினால் போதும். ஒரே பருவத்திற்கு எப்போதும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள்.

மூன்று பொறிகள்

முதல் பொறி, தேதி. சில கம்ப்யூட்டர்கள் அமெரிக்க முறையில் அமைந்திருக்கும். நீங்கள் 05-06 என டைப் செய்தால் ஜூன் 5 என்பதற்குப் பதில் மே 6 என எடுத்துக்கொள்ளும். பருவக் கணக்கே தலைகீழாகிவிடும். விண்டோஸின் கண்ட்ரோல் பேனலில் ரீஜன் பிரிவில் இங்கிலீஷ் (இந்தியா) எனத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாவது பொறி, சராசரி. 5 லிட்டரில் 300 கி.மீ. ஓடினால் மைலேஜ் 60. அடுத்து 2 லிட்டரில் 80 கி.மீ. ஓடினால் மைலேஜ் 40. சராசரி 50 என்று சொல்லிவிடத் தோன்றும். தவறு. மொத்தம் ஓடியது 380; ஊற்றியது 7 லிட்டர்; சரியான மைலேஜ் 54.3. எனவே மைலேஜ் நெட்டு வரிசைக்குச் சராசரி எடுக்காதீர்கள். மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுங்கள்.

மூன்றாவது பொறிதான் மிக முக்கியம். "ஃபுல் டேங்க்" என்பது ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் நிற்காது. ஸ்டாண்டு போட்ட விதம், பங்க் பையன் நிறுத்திய விதம் இவற்றால் 200 மில்லி முன்பின் ஆகலாம். 5 லிட்டரில் 200 மில்லி என்பது 4 சதவீதம். நாம் தேடும் எத்தனால் இழப்பும் ஏறக்குறைய அதே அளவுதான்! ஒரு முறை போட்ட பெட்ரோலை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதற்கு இதுவே காரணம். ஆனால் பத்து முறை, 50 லிட்டர் சேர்த்துப் பார்த்தால் முதல் நிரப்பலிலும் கடைசி நிரப்பலிலும் உள்ள பிழை மட்டுமே நிற்கும். 50 லிட்டரில் 200 மில்லி என்பது 0.4 சதவீதம்தான். எனவே பொறுமையாக இருங்கள்.

பருவவாரியாகப் பிரித்துப் பார்க்க

டேட்டா டேப்பில் ஃபில்டர் என்பதில் கிளிக் செய்யுங்கள். தலைப்புகளில் சிறிய அம்புக்குறிகள் தோன்றும். குறிப்பு என்ற தலைப்பின் அம்புக்குறியில் கிளிக் செய்து "காற்று" என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தால் மற்ற வரிசைகள் மறையும். இப்போது இ நெட்டு வரிசையில் தெரியும் எண்களைத் தேர்ந்தெடுத்தால் கூட்டுத்தொகை திரையின் கீழே ஸ்டேட்டஸ் பாரில் தெரியும். சி நெட்டு வரிசைக்கும் அப்படியே பார்த்து, முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். காற்றுக்கால மைலேஜ் தயார்.

சார்ட் என்ற கட்டளையை மட்டும் இங்கே பயன்படுத்த வேண்டாம். அதாவது வரிசைகளை இடம் மாற்றி அடுக்கும் சார்ட். ஒவ்வொரு வரிசையும் தனக்கு முந்தைய மீட்டர் ரீடிங்கைப் பயன்படுத்துவதால், வரிசை மாறினால் தூரக் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

விடையைப் படிப்பது எப்படி?

ஜூனில் குறைந்து அக்டோபரில் தானாகவே பழைய நிலைக்கு வந்தால் காரணம் காற்று, சாரல், சீசன் நெரிசல். வண்டியைப் பிரிக்க வேண்டாம்.

மெல்லக் குறைந்துகொண்டே போய், பருவம் மாறியும் திரும்பி வரவில்லை என்றால் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், செயின், பிரேக் பிடிப்பு, டயர் காற்று ஆகியவற்றைப் பாருங்கள். இதற்கு ஆகும் செலவு குறைவு, பலன் அதிகம்.

ஒரு வரிசையில் மட்டும் சட்டென்று குறைந்து அடுத்த வரிசையில் சட்டென்று கூடினால், அது நிரப்பிய அளவின் வித்தியாசம். விட்டுவிடுங்கள்.

ஓராண்டுக்கு மேல் டேபிள் வைத்திருந்தால், போன ஆண்டு ஜூனை இந்த ஆண்டு ஜூனோடு ஒப்பிடுங்கள். மே மாதத்தை ஜூனோடு ஒப்பிட்டு பெட்ரோலைக் குறை சொல்வது சரியாகாது. ஒரே மாதம், ஒரே ரோடு, எல்லா மாதங்களிலும் ஒரே மாதிரி 3, 4 சதவீதம் குறைவு என்றால்தான் எரிபொருள் கலவையைச் சந்தேகிக்கலாம்.

அதைப் பணமாகவும் பார்த்துவிடுவோம். மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவருக்கு மைலேஜ் 57 என்றால் 17.5 லிட்டர் தேவை. 4 சதவீதம் குறைந்தால் 18.3 லிட்டர். கூடுதல் செலவு லிட்டர் 100 ரூபாய் கணக்கில் மாதம் சுமார் 73 ரூபாய். ஆண்டுக்கு 900 ரூபாய்க்குப் பக்கம். சிறிய தொகை அல்ல. ஆனால் எஞ்சினைப் பிரிக்கும் செலவுக்கும், மைலேஜ் கூட்டுவதாக விற்கும் பாட்டில்களுக்கும் முன்னால் இது எவ்வளவு என்று நீங்களே முடிவு செய்யலாம். மாதம் 3,000 கி.மீ. ஓட்டும் டெலிவரி பையனுக்கு இதுவே 220 ரூபாய் ஆகிறது.

இன்னும் இரண்டு விஷயம்

காலையில் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பெட்ரோல் சுமார் 1 சதவீதம் விரிவடைவது உண்மை. ஆனால் பங்க்கின் டேங்க் பூமிக்கு அடியில் உள்ளது. காலைக்கும் மதியத்துக்கும் அதன் வெப்பநிலை அதிகம் மாறாது. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மற்றொன்று சாரல் காலத்திற்கு உரியது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். டேங்க்கில் தண்ணீர் அதிகம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகாது. டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் சீசனுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் வண்டியை நனைய விடாதீர்கள். பழைய வண்டியாக இருந்தால் ரப்பர் குழாய்களில் வெடிப்பு உள்ளதா எனவும் சர்வீஸின்போது பார்க்கச் சொல்லுங்கள்.

பங்க் ரசீதுகளை வண்டிப் பெட்டியில் போட்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் ஒதுக்கினால் இந்த டேபிளைப் பராமரித்துவிடலாம். பைலை சேவ் செய்து, ஒரு காப்பியைப் பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுத் தகவல் அழிந்துபோனால், அதைத் திரும்பப் பெற இன்னோர் ஆடி வரை காத்திருக்க வேண்டும்.